வீட்டில் விழுந்தவள்

றம்யா விழுந்துவிட்டாள் என்று தொலைபேசி வந்தபோது யாக்கோபு பலேர்மோ நகரின் பொலிதேயாமாப் பக்கம் ஒரு பல் வைத்தியரின் அலுவலகத்தில் தரை கழுவும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அழைத்தது இரண்டு தெரு தள்ளியிருந்த அடுக்குமாடியின் வாயில் காவலர். "உங்களிடம் வேலை செய்யும் பெண் படிக்கட்டில் விழுந்து கிடக்கிறாள்" என்றார் அந்தக் கிழவர் இத்தாலிய மொழியில். யாக்கோபு இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டுத் தன் வான் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

தன் ஊரான பேசாலையிலிருந்து இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்து வீட்டு வேலை செய்து, பிறகு சொந்தமாகத் துப்புரவு நிறுவனம் தொடங்கியவர் யாக்கோபு. அடுக்குமாடிகளின் படிகள், சில அலுவலகங்கள், இரண்டு சட்டத்தரணிகளின் வீடுகள். அவரிடம் நாலைந்து பேர் வேலை செய்தார்கள். எல்லாரும் நம்முடைய சனம். பாதிப் பேருக்குக் கொன்ராத்தோ, அதாவது பதிந்த வேலை ஒப்பந்தம், இருந்தது. மீதிப் பேர் பதிவில்லாமல், அங்கே சொல்வது போல 'நேரோ'வில் வேலை செய்தார்கள். றம்யா இரண்டாவது வகை. வருகிற மாதம் எழுதித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு இரண்டு வருடம் போய்விட்டது. யாருக்காவது காய்ச்சல் என்றால் மருந்தும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்ப் பார்ப்பார் யாக்கோபு. கொன்ராத்தோ மட்டும்தான் கைக்கு வராது.

அவள் மூன்றாம் மாடிக்குக் கீழே படித்திருப்பத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படிக்கட்டு ஜன்னலைத் துடைக்க ஏறிய மடக்கு ஏணி பக்கத்தில் சரிந்து கிடந்தது. இடது மணிக்கட்டு பார்க்கக் கூடாத விதமாக வளைந்திருந்தது. கன்னம் இரும்புக் கைப்பிடியில் மோதி வீங்கத் தொடங்கியிருந்தது.

"அம்புலன்ஸ் கூப்பிடவா?" என்றார் காவலர்.

"வேண்டாம், வேண்டாம். வான் நிற்கிறது. நானே கொண்டுபோகிறேன்."

றம்யாவின் மேற்கைகள் இரண்டையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அவளுக்குக் கால் நிற்கவில்லை. விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடித்தபடியே கீழ்வரை இறக்கிக்கொண்டு வந்தார்.

வானில் ஏறியதும் அவள் முதலில் சொன்னது இதுதான்.

"அண்ணை, அந்த ஏணிக்கு ஒரு கால் றப்பர் இல்லை எண்டு நான் போன கிழமையே சொன்னனான்."

"தெரியும் பிள்ளை. இப்ப அதை விடு. நோகுதோ?"

"நோகுது."

வைத்தியசாலைக்குப் போகும் வீதியில் வாகனங்கள் நெரிந்து நின்றன. யாக்கோபு முன்னால் நின்ற பேருந்தையே பார்த்துக்கொண்டு கதைத்தார். அவள் முகத்தைப் பார்த்துக் கதைக்க முடியவில்லை.

"றம்யா, எங்கை விழுந்தனி எண்டு அங்கை கேப்பினம்."

அவள் முறிந்த கையை மடியில் தூக்கி வைத்தாள்.

"வேலையிலை எண்டு சொன்னால் உடனை அரசாங்கத்துக்குப் பேப்பர் எழுதி அனுப்புவினம். கொன்ராத்தோ எங்கை எண்டு வருவாங்கள். பிறகு எனக்கு மட்டுமில்லை, மற்றப் பிள்ளையளின்ரை வேலையும் போயிடும். வீட்டிலை வழுக்கி விழுந்தனான் எண்டு சொல்லு. எங்கை விழுந்தாலும் வைத்தியம் ஓசிதானே. கையைக் கட்டிவிடப் போறது அவைதானே."

"வேலைக்கு வர ஏலாத நாளுக்கு?"

"அதை நான் பாப்பன். உன்னை நான் விட்டிடுவனோ?"

"சரி அண்ணை" என்றாள் றம்யா.

அவசரப் பிரிவின் வாசலில் அவளை இறக்கிவிட்டு, அவளுடைய கணவன் விமலராஜுக்குத் தொலைபேசியில் சொன்னார். உள்ளே போகவில்லை. உள்ளே போனால் நீ யார் என்று கேட்பார்கள். வானைத் திருப்பிக்கொண்டு பல் வைத்தியரிடம் போய் மிச்ச வேலையை முடித்தார்.

அன்று மாலை மனைவி எமிலியானாவிடம், "பாவம் றம்யா, வீட்டிலை விழுந்து கையை முறிச்சுப்போட்டாளாம்" என்றார். ஏன் மனைவியிடமும் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. பொய்க்கு ஒரு ஒத்திகை பார்த்ததுபோல இருந்தது.

வைத்தியசாலையில் நடந்தவற்றை அடுத்த நாள் விமலராஜ் சொல்லித்தான் அறிந்தார். நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு சந்துக்குள் தரைத்தள வீட்டில் இருந்தார்கள் அவர்கள். விமலராஜ் ஓர் உணவகத்தின் குசினியில் பாத்திரம் கழுவுகிறவன். அதிகம் கதைக்காதவன். யாக்கோபின் வானுக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"நிறைய நேரம் காக்க வைச்சினம், அண்ணை. டொக்ரர் பாக்கேக்கை அவளின்ரை ரெண்டு கையிலையும் விரல் அடையாளம். அச்சடிச்ச மாதிரி. முகமும் வீங்கிக் கிடக்கு. குளிக்கிற அறையிலை விழுந்தனான் எண்டு சொல்லியிருக்கிறாள். பிறகு குசினியிலை எண்டு சொல்லியிருக்கிறாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. என்னை வெளியாலை போகச் சொல்லிப்போட்டு, வீட்டிலை ஆரும் உனக்கு அடிக்கிறவையோ எண்டு கேட்டிருக்கினம். இவள் அழுதிருக்கிறாள்."

"ஏன் அழுதவள்?"

"பொய் சொல்லுறன் எண்டு அழுதவள். அவை நினைச்சது வேறை. படமெல்லாம் எடுத்திருக்கினம்."

யாக்கோபு தன் கைகளை வானின் ஸ்ரியறிங்கில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அது ஒண்டும் நடக்காது, தம்பி. ரெண்டு நாளிலை மறந்திடுவாங்கள்."

மறக்கவில்லை. வைத்தியசாலை பொலிசுக்கு அறிவித்தது. இரண்டு பொலிஸ்காரர் சந்துக்குள் வந்து, பக்கத்து வீட்டுச் சிசிலியப் பெண்கள் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, விமலராஜை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். அன்றைக்கே விட்டுவிட்டார்கள். ஆனால் விசாரணை முடியும்வரை வேறு இடத்தில் தங்குவது நல்லது என்று பொலிஸ்காரர் ஒருவர் சொல்லியனுப்ப, அவன் ஒரேத்தோப் பகுதியில் ஒரு நண்பனின் அறையில் போய்ப் படுத்தான். உணவகத்து முதலாளிக்குச் செய்தி எட்டியது. கொஞ்ச நாளைக்கு வராதே, நானே கூப்பிடுகிறேன் என்றார் அவர்.

றம்யா பொறுக்கமாட்டாமல் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போய், "வீட்டில் விழவில்லை, வேலையில் விழுந்தேன். என் கணவர் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லியிருக்கிறாள். எங்கே வேலை, முதலாளி யார் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. யாக்கோபுக்குக் கொடுத்த சொல் அது. அங்கிருந்த பெண் அதிகாரி அவள் தோளைத் தொட்டு, "சிஞ்ஞோரா, பயப்படாதே. கணவனைக் காப்பாற்ற இப்படித்தான் எல்லாரும் வந்து மாற்றிச் சொல்வார்கள்" என்றாராம்.

இதைக் கேட்டதும் யாக்கோபு தன் கணக்காளரிடம் ஓடினார். கணக்காளர் ஒரு சிசிலியர், சிரித்த முகம். "நீ ஏன் போய் மாட்டிக்கொள்கிறாய்? சாட்சி இல்லாத வழக்கு தானாகச் செத்துவிடும். கொஞ்சம் பொறு. அவளுக்கு வருகிற மாதத்திலிருந்து ஒரு கொன்ராத்தோ எழுதலாம்" என்றார். யாக்கோபு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பொறு என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் அவர் போனதே.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை. ஆலயச் சபையில் யாக்கோபு முக்கியமான ஆள். காணிக்கைத் தட்டு எடுப்பவரும் திருநாளுக்குக் கொடி ஏற்ற ஒழுங்கு செய்பவரும் அவர்தான். றம்யா மகள் ஜெசிக்காவோடு கடைசி வாங்கில் இருந்தாள். கையில் கட்டு. பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். விமலராஜ் பின் கதவோரம் தனியாக நின்றான். அவன் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

பூசை முடிந்து முற்றத்தில் நின்றபோது ஏர்னஸ்ற் வந்து யாக்கோபின் காதோரம் குனிந்தார். ஏர்னஸ்ற்றும் சபைக்காரர்தான்.

"ஊமை மாதிரி இருந்துகொண்டு இந்தாள் பாத்த வேலையைப் பாத்தீங்களே? பொம்பிளைப் பிள்ளையின்ரை முகத்தை என்ன செய்து வைச்சிருக்கிறான்! உவங்களை இஞ்சை வர விடக்கூடாது. என்ன சொல்லுறியள்?"

யாக்கோபின் தலை ஆடியது. ஆமோதிப்பதுபோல, மேலும் கீழுமாக. அவர் ஆட்டவில்லை என்றுதான் பிறகு பலமுறை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். ஆனால் ஆடியது அவருடைய தலைதான். நிமிர்ந்து பார்த்தபோது, முற்றத்தின் மறுபக்கம் விமலராஜ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏர்னஸ்ற் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்காது. கேட்கத் தேவையும் இல்லை.

அன்று மத்தியானம் எமிலியானா சூப்பு வைத்து, தூக்குச்சட்டியில் ஊற்றி, "றம்யாவுக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றாள். யாக்கோபு பல்லாரோ சந்தையின் கூரைத்துணிகளுக்குக் கீழே நடந்து அந்தச் சந்துக்குப் போனார். கதவைத் திறந்தது ஜெசிக்கா. மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள்; தகப்பனை இத்தாலியப் பிள்ளைகளைப் போலப் 'பாப்பா' என்பாள்.

"அம்மா படுத்திருக்கிறா. பாப்பா இல்லை" என்றாள். பிறகு, ஒரு சந்தேகம் கேட்பதுபோல, "மாமா, ஸ்குவோலாவிலை எங்கடை வகுப்புக்கு ஒரு சிஞ்ஞோரா வந்தவ. பாப்பா அம்மாவுக்கு அடிக்கிறவரோ எண்டு கேட்டவ. நான் நோ எண்டு சொன்னனான். உண்மையைச் சொல், பயப்படாதை எண்டு திரும்பவும் கேட்டவ. நான் என்ன சொல்லியிருக்க வேணும்?" என்றாள்.

யாக்கோபு தூக்குச்சட்டியை நீட்டினார். "இதை அம்மாட்டைக் குடு" என்றார். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் றம்யா விழித்திருந்தாள் என்பது கட்டிலின் முனகலில் தெரிந்தது. அவள் எழுந்து வரவில்லை. கூப்பிடவும் இல்லை.

சந்தின் முனையில் விமலராஜ் நின்றான். மகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகத்தான் வருகிறவனாம்.

"தம்பி, நீ போய் என்ரை பேரைச் சொல்லன்" என்றார் யாக்கோபு. "சொல்லு. நான் கோபிக்க மாட்டன்."

"நான் சொல்ல மாட்டன், அண்ணை."

"ஏன்?"

"நான் சொன்னால், தப்பிக்கப் பாக்கிறான் எண்டுதான் எழுதுவாங்கள். உங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்கள். நீங்கள் அங்கை என்ன சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியாது." கோயில் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான். "காலமைப் பூசை வரைக்கும் தெரியும் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தார். எமிலியானா சோறு போட்டாள். அவர் கை வைக்கவில்லை.

"என்னப்பா?"

"றம்யா வீட்டிலை விழேல்லை."

"அதுதானே எல்லாருக்கும் தெரியுமே. அவன் தள்ளி..."

"அவன் தள்ளேல்லை. பொலிதேயாமாவிலை, எங்கடை வேலையிலை, எங்கடை ஏணியிலை இருந்து விழுந்தவள். வீட்டிலை எண்டு சொல்லச் சொன்னது நான். கையிலை கிடக்கிறது என்ரை விரல் அடையாளம். நான்தான் தூக்கிக்கொண்டு இறங்கினனான்."

எமிலியானா கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு உட்கார்ந்தாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்:

"நான் ஒரு கிழமையா ஒவ்வொரு பொம்பிளையா ரெலிபோன் எடுத்து, பாவம் றம்யா, அவன் அடிக்கிறவனாம் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன். அகஸ்ரீனாவுக்கு நான்தான் சொன்னனான். அவளுக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. எல்லாற்றை வாயிலையும் அதைப் போட்டது நான்."

"உனக்குத் தெரியாதுதானே."

"உங்களுக்குத் தெரியும்தானே?"

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எனக்குப் பித்தப்பை ஒப்பரேசன் செய்யேக்கை, நான் வீட்டு வேலை செய்யிற சிஞ்ஞோரா என்ன செய்தவ? ஒண்டரை மாதம் நான் வேலைக்குப் போகேல்லை. ஒழுங்கா எழுதி, ஒழுங்காக் காப்புக் காசு கட்டினபடியால் எனக்கு ஒரு குறையும் வரேல்லை. அந்த மனிசி எங்கடை ஆள் இல்லை. எங்கடை கோயிலுக்கு வாறதும் இல்லை." கண்ணைத் துடைத்தாள். "இப்ப சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஏதும் கிடைக்குமோ? கொன்ராத்தோ இல்லையே?"

"கொன்ராத்தோ இல்லாட்டிலும் அரசாங்கத்தின்ரை விபத்துக் காப்பு உண்டு. அவளுக்குக் குடுத்துப்போட்டு, பிறகு என்னட்டை அறவிடுவாங்கள்."

"இது இப்ப கணக்காளர் சொன்னதோ?"

"இல்லை. முதலே தெரியும்."

"வானுக்குள்ளை அவளிட்டைக் கதைக்கேக்கையும் தெரியுமோ?"

"ஓம்."

எமிலியானா எழுந்து போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கோபத்தில் கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

திங்கட்கிழமை காலையில் குவெஸ்தூராவுக்குப் போனார். வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க எத்தனையோ தடவை நின்ற கட்டடம்தான். றம்யாவின் தோளைத் தொட்டுப் பேசிய அதே பெண் அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். யாக்கோபு சொல்லத் தொடங்கினார். முதலில் ஏணியில் தொடங்கி, பிறகு நிறுத்தி, "அவள் என்னிடம் பதிவில்லாமல் வேலை செய்தாள்" என்பதிலிருந்து திரும்பத் தொடங்கினார்.

அதிகாரி நம்பியதுபோலத் தெரியவில்லை. அந்த ஆளின் உறவினரா நீங்கள் என்று கேட்டார். இல்லை. நண்பரா? அதற்கு என்ன சொல்வதென்று யாக்கோபுக்குத் தெரியவில்லை. அதிகாரி ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பெண்ணின் மேற்கை. மண்ணிறத் தோலில் நாலு கருநீலக் கறைகள், மறுபுறம் பெருவிரலின் ஒன்று.

"இது என்னுடைய கை" என்றார் யாக்கோபு. "அவள் விழாமல் இருக்கப் பிடித்தேன். காவலரைக் கேளுங்கள், அவர் பார்த்தார்."

காவலரைக் கேட்டார்கள். அவர் கண்டதைச் சொன்னார். அம்புலன்ஸ் வேண்டாம் என்று யாக்கோபு மறித்ததையும் சேர்த்தே சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாம் நடக்க வேண்டிய ஒழுங்கில் நடந்தன. விமலராஜ் வீட்டுக்குத் திரும்பினான். தொழில் பரிசோதகர்கள் வந்தார்கள். யாக்கோபுக்குத் தண்டம் விதித்தார்கள். இரண்டு அடுக்குமாடிகள் அவரை விலக்கிவிட்டு வேறு நிறுவனத்தை வைத்துக்கொண்டன. றம்யாவின் விபத்து வேலை விபத்தாகப் பதியப்பட்டு அவளுக்குச் சேர வேண்டியது வரத் தொடங்கியது. மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. துணி பிழிய முடியாது என்று வைத்தியர் எழுதிவிட்டார். யாக்கோபு தன்னிடமிருந்த மற்ற எல்லாருக்கும் கொன்ராத்தோ எழுதினார். அவற்றில் ஒன்றில் கையெழுத்துப் போடும்போதும் அவருக்கு நிம்மதி வரவில்லை. தண்டம் வந்த பிறகு எழுதுவது யாருக்குத்தான் முடியாது?

ஆனால் முற்றத்தில் ஆடிய தலையை என்ன செய்வது? இதெல்லாம் நடந்துகொண்டிருக்கையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் ஏர்னஸ்ற்றைப் பிடித்தார்.

"விமலராஜ் அவளுக்கு அடிக்கேல்லை. அவள் என்ரை வேலையிலை விழுந்தவள். பொய் சொல்ல வைச்சது நான்."

ஏர்னஸ்ற் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"கேள்விப்பட்டனான். ஒரு குடும்பம் உடையக்கூடாது எண்டு பழியை உங்கடை தலையிலை தூக்கிப் போட்டிட்டியள் எண்டு அகஸ்ரீனா சொன்னவ. இந்தக் காலத்திலை ஆர் இப்பிடிச் செய்வினம்?"

"இல்லை, ஏர்னஸ்ற். உண்மையாவே நான்தான்..."

"ஓம், ஓம். நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள்."

யாக்கோபு அங்கேயே நின்றார். பொய் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் அவரை இன்னும் உயரத்தில் தூக்கி வைக்கிறார்கள். உள்ளே போய்ப் பாதரிடம், அடுத்த கிழமை அறிவித்தல் வாசிக்கும்போது தனக்கு ஒரு நிமிடம் வேண்டும் என்று கேட்டார். எமிலியானாவும் பக்கத்தில் வந்து நின்றாள்.

அந்த ஞாயிறு யாக்கோபு ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, ஏணியையும், வானுக்குள் சொன்ன சொல்லையும், றம்யாவுக்குக் காப்பு உண்டென்று தெரிந்தே மறைத்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். "அவனுக்கு அவப்பேர் வரேக்கை நான் இந்த முற்றத்திலை நிண்டு தலையாட்டினனான்" என்றும் சொன்னார். எமிலியானா தான் தொலைபேசியில் பரப்பியதைச் சொல்லி, யார் யாருக்குச் சொன்னாள் என்று பெயர்களையும் சொன்னாள். ஒருவரும் அழவில்லை, ஒருவரும் வந்து கையைப் பிடிக்கவில்லை. முன்வாங்கில் சிலர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். காணிக்கைத் தட்டை அதற்குப் பிறகு யாக்கோபு தொடவில்லை. தொடச் சொல்லி எவரும் கேட்கவும் இல்லை.

அவர்கள் சொன்னதைக் கேட்க வேண்டியவர்கள் அங்கே இருக்கவில்லை. விமலராஜ் குடும்பம் தமிழ்ப் பூசைக்கு வருவதை நிறுத்தி, வீட்டுக்குக் கிட்டவுள்ள இத்தாலியக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாக்கோபு அன்று பின்னேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனார். விமலராஜ் கதவைத் திறந்தான். உள்ளே வரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

"கோயிலிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டன், தம்பி."

"ரெலிபோனிலை சொன்னவை."

"குசினி வேலை?"

"முதலாளி திரும்ப எடுத்திட்டார். கதைக்கிறேல்லை, ஆனால் எடுத்திட்டார்."

"றம்யா?"

"பயிற்சிக்குப் போயிட்டாள். கைக்கு."

யாக்கோபு தலை குனிந்து நின்றார். "நான் மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனான்."

விமலராஜ் திரும்பிப் பார்த்தான். உள்ளே ஜெசிக்கா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"நேற்று மேல் தட்டிலை இருந்து சீனிப் போத்தலை எடுக்கக் கையைத் தூக்கினனான், அண்ணை. பிள்ளை எழுதிறதை விட்டிட்டு என்ரை கையைப் பாத்தது. நான் ஒரு நாளும் அடிச்சதில்லை. அதுக்கும் தெரியும். தெரிஞ்சும் பாத்தது. அதை ஆரிட்டை போய்ச் சொல்லி மாத்திறது?"

யாக்கோபுக்குத் தெரியவில்லை. அதை அவர் சொன்னார்: "எனக்குத் தெரியாது, தம்பி."

"எனக்கும் தெரியாது" என்றான் விமலராஜ். பிறகு மகள் கூப்பிட, அவன் உள்ளே போனான்.